பொடக்காளி வழியாக மண்டபம் பார்த்தவர்

ஒரு கல்யாணத்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடித்து என்னைப் பொய்யன் என்று சொன்ன மனுஷி அவர். நான் சமையல் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. உப்பு கூடிவிட்டது என்று திட்டு வாங்கியிருக்கிறேன். ரசம் ஆறிப்போச்சு என்று மாப்பிள்ளையின் மாமா கரண்டியைத் தூக்கி எறிந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மைக்கில் பேர் வாங்கியது அந்த ஒரு தடவைதான். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் என் சொந்தக்காரர்களைப் போல ‘அந்தப் பொம்பளைக்கு என்ன திமிரு பாரு’ என்றுதான் சொல்வீர்கள்.

விசேஷங்களை எடுத்து நடத்துவது அவர் தொழில். ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று கார்டில் போட்டிருப்பார். கல்யாணமோ கம்பெனி மாநாடோ, இடம் பிடிப்பதில் ஆரம்பித்துக் கடைசி நாற்காலியை மடக்குவது வரை அவர் பொறுப்பு. சிங்காநல்லூரில் ஒரு தையல்கடைக்கு மேலே ஒற்றை அறைதான் ஆபீஸ். நாற்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டி, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ போட்டிருப்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை அம்மணி என்பேன். அவர் என்னை மாஸ்டரண்ணா என்பார்.

முதல் தடவை அவரோடு மண்டபம் பார்க்கப் போனதே எனக்கு அதிர்ச்சிதான். “நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு வந்துருங்க மாஸ்டரண்ணா” என்றார். ஆறு மணிக்கு எவனாவது மண்டபம் பார்ப்பானா? சாயங்காலம் போய், விளக்கெல்லாம் போட்டுக் காட்டச் சொல்லி, ஏசியில் சித்த நேரம் உட்கார்ந்து பார்ப்பதுதானே உலக வழக்கம்? அவிநாசி ரோட்டில் பெரிய மண்டபம் அது. முந்தின நாள் அங்கே யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் நடந்திருந்தது. மேனேஜர் லுங்கியோடு பல் விளக்கிக்கொண்டு வந்தவர் எங்களைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். இன்னும் கூட்டக்கூட இல்லைங்க என்று கெஞ்சினார். “அதுக்குத்தானுங்க இப்ப வந்தோம்” என்றார் இவர்.

ஹாலுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். எங்கள் ஊரில் வீட்டுப் பின்பக்கத்தைப் பொடக்காளி என்போம். அங்கே எச்சில் இலை குவிந்து கிடந்தது. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் பையிலிருந்து ஒரு பாக்கெட் மஞ்சள்தூளை எடுத்தார். கை கழுவுகிற தொட்டியில் அதைக் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, சாக்கடை போன வழியே நடக்க ஆரம்பித்தார். நானும் மேனேஜரும் பின்னாலேயே ஓடினோம். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சோளக்காடு. அதன் வரப்போரம் மஞ்சளாகத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. காட்டுக்காரர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

“ஏனுங்க, எப்பவுமே இப்படித்தான் வருதுங்களா?”

“முகூர்த்த நாள்ன்னா இப்படித்தானுங்க. என்ற மாடே இந்தப் பக்கம் மேயறதில்லீங்க.”

அவ்வளவுதான். அம்மணி அந்த மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருநூறு கார் நிற்கிற மண்டபம் ஐயா அது! அங்கே எனக்கு அடுத்த மாதமே இரண்டு கல்யாணச் சமையல் இருந்தது. நான் ரோட்டிலேயே சண்டைக்குப் போனேன். சண்டை முடிகிறவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “கல்யாணத்தன்னிக்கு எல்லா மண்டபமும் அழகாத்தானுங்கண்ணா இருக்குது” என்றார். பிறகு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ இடம் சேர்ந்து பார்த்திருக்கிறோம். எல்லாமே யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மறுநாள் காலையில்தான். கூட்டுகிற அம்மாக்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார். நேற்று எத்தனை மூட்டை குப்பை, அதை எடுத்துப்போக யார் வருவார்கள் என்று கேட்பார். குப்பை வண்டியின் பின்னாலேயே ஸ்கூட்டரில் போய் அது எங்கே கொட்டுகிறது என்று பார்த்துவிட்டு வந்த நாளும் உண்டு. மேடை எத்தனை அடி என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

எதிரில் இருப்பவர் யார் என்றும் பார்க்க மாட்டார். ஒரு மில் முதலாளி சுற்றுச்சூழல் மாநாடு ஒன்று நடத்தினார். வாசலில் ஒரு யானை உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று எழுதி, பக்கத்தில் முதலாளி கைகூப்பி நிற்கிற படம். முதலாளியே எங்களைப் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். “நல்லா இருக்குதுங்களா?” என்றார். இவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுவே பிளாஸ்டிக்குத்தானுங்களே” என்றார். நான் காபித் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற மேனேஜர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். நம் பிழைப்பு இன்றோடு போச்சு என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது முதலாளி குபீரென்று சிரித்து, “கழட்டிப்போடுங்கப்பா” என்றார். மில்லில் ஓரம் வெட்டி ஒதுக்கின துணியைத் தைத்து, அதிலேயே எழுதி மாட்டினோம். முதலாளி படம் அதில் சரியாக வரவில்லை, மீசை ஒருபக்கம் தூக்கலாகப் போய்விட்டது. மனுஷர் அதையும் ரசித்தார்.

இன்னொரு கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதில் மரக்கன்று கொடுத்தார்கள். வேம்பும் புங்கனும். ஊரே பாராட்டியது, பேப்பரில்கூடப் போட்டோ வந்தது. மறுநாள் காலையில் போனால் நாற்காலிக்கு அடியிலெல்லாம் கன்று. வாசலில் டயர் ஏறி நசுங்கிய கன்று. ஆண்கள் கழிப்பறையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு வேப்பங்கன்று, கறுப்புக் கவரோடு உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அங்கேயே நின்று பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டார். “ஏனுங்க, நீங்க குடுத்த கன்னுல பாதி இங்கதான் கெடக்குதுங்க. ஒரு வண்டி அனுப்புங்க, உங்க தோட்டத்துலயே வெச்சுரலாம்.” பெண்ணை அனுப்பிவைத்துவிட்டு அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த மனுஷரிடம் காலை ஆறரை மணிக்குப் பேசுகிற பேச்சா இது? ஆனால் வண்டி வந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு பெண்ணின் அப்பாவே வந்தார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. பந்தியில் எல்லாரும் சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் இலையைப் பார்ப்பார். “மூணாவது ஸ்வீட்ட ஒருத்தருமே தொடலீங்கண்ணா” என்பார். “ஏனுங்க அம்மணி, சமையலு நீங்க பண்றீங்களா நான் பண்றனா?” என்று எரிந்து விழுவேன். அடுத்த கல்யாணத்தில் இனிப்புக்கு ஒப்புட்டு என்கிற எங்கள் ஊர்ப் போளி மட்டும் போட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு எவர்சில்வர் டம்ளருக்கு மாறினேன். நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒரு நாளாவது வாய்திறந்து சொன்னேனா என்றால், இல்லை. வீறாப்புதான், வேறென்ன. ஆனாலும் அவருக்கு என்மேல் மெல்ல மெல்ல ஒரு நம்பிக்கை வந்திருந்தது. பழைய மாதிரி என் பின்னாலேயே வந்து எதையும் சோதிப்பதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கிணத்துக்கடவுக் கல்யாணம் வந்தது. அங்கே ஒருவர் தன் தென்னந்தோப்பில் நாலைந்து குடில் கட்டி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிக் கல்யாணம் செய்கிற இடமாக மாற்றியிருந்தார். பெண் வீடு எங்கள் பக்கம், மாப்பிள்ளை சென்னை. தோப்புக் கல்யாணம் வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை. அங்கே மறுநாள் காலை பார்க்க வழியில்லை, அதுவரை அந்தத் தோப்பில் ஒரு விசேஷமும் நடந்ததில்லை. அதனால் அம்மணி மூன்று தடவை போய் நடந்து பார்த்துவிட்டு, தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் கொடுத்தார். வண்டி இங்கே, நடமாடும் கழிப்பறை அங்கே, சமையல் பாத்திரமும் கையும் கழுவுகிற தண்ணீருக்கு இந்த இடத்தில் குழி. மூலையில் ஒரு வற்றிய கிணறு இருந்தது. அதைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டு, “இதுக்குள்ள யாரும் ஒண்ணும் கொண்டுபோகப்படாதுங்க” என்றார். குழந்தை குட்டி விழுந்துவிடக்கூடாது என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் குழி வெட்டினால் இரண்டடியிலேயே பாறை தட்டியது. கடப்பாரை துள்ளுகிறது. மணி மதியம் மூன்று. காய் வந்து இறங்கியாச்சு, ஆட்கள் வேறு வேலைக்கு நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அவர் போன் செய்தார்.

“குழி வெட்டியாச்சுங்களா மாஸ்டரண்ணா?”

“வெட்டியாச்சுங்க அம்மணி. நீங்க மேடை வேலையப் பாருங்க.”

“செரிங்கண்ணா. நீங்க சொன்னா செரிதான்.”

போனை வைத்துவிட்டு, பைப்பை இழுத்து அந்தக் கிணற்றுக்குள் விடச் சொன்னேன். வற்றின கிணறுதானே, எவன் எட்டிப் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். சுண்ணாம்பு வட்டத்தை என் காலே அழித்தது.

கல்யாணத்தன்று இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. இலையில் பிழிந்த சந்தகைச் சேவை, தேங்காய்ப்பால், ஒப்புட்டு. மூன்றாவது பந்திக்கு ஆட்கள் இப்போதே வந்து, சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றார்கள். அது நம் ஊர்ப் பழக்கம், சொன்னாலும் மாறாது. நான் வடைச்சட்டி முன்னால் நின்றிருந்தேன். தோப்புக்குப் பின்னால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எட்டு வீடுகள் உண்டு. எச்சில் இலையை அவர்கள் மாட்டுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்வதற்காக அம்மணி அங்கே போயிருந்தார். திரும்பி வந்தவர் கையில் ஒரு சொம்பு இருந்தது.

“மாஸ்டரண்ணா, சித்தெ இத மோந்து பாருங்க.”

“எண்ணெய் காயுதுங்க அம்மணி, அப்பறம் பாக்கலாம்.”

“மோந்து பாருங்க.”

மோந்தேன். சொம்பில் இருந்தது தண்ணீர். தண்ணீரில் பெருங்காய வாசம். கடையில் விற்கிற தூள் இல்லை, முந்தின ராத்திரி நானே ஊறவைத்துக் கரைத்த கட்டிப் பெருங்காயம். என் சாம்பார் எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும்.

“இதென்னுங்க, பாத்திரம் கழுவின தண்ணியா?”

“பின்னால எட்டு ஊட்டுக்கும் வர்ற கொழாத்தண்ணி. அவிய குடிக்கற தண்ணி.”

அப்போதுதான் அந்தக் கிணறு என் மண்டையில் உறைத்தது. எங்கள் பக்கத்தில் கிணறு வற்றினால் மூடிவிட மாட்டோம். அதன் அடியிலேயே ஆழ்துளைப் போர் போட்டு மோட்டார் இறக்குவோம். மேலேயிருந்து பார்த்தால் புதரும் கல்லும்தான் தெரியும், அடியில் குழாய் இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா? என் மாமனார் தோட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அதைக்கூட யோசிக்காத முட்டாள் மசையனாக நின்றிருக்கிறேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அதைவிடப் பெரிய இடி காத்திருந்தது. கழிப்பறை வண்டிக்காரன் தன் தொட்டி நிரம்பியதும் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறான். என் பைப் ஒன்று கிணற்றுக்குள் போவதைப் பார்த்து, தன்னுடையதையும் அதோடு சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறான். அவனைக் கேட்டால், “நீங்க உட்டிருந்தீங்களேன்னுதானுங்க” என்கிறான்.

நான் பைப்பைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே மைக்கில் அவர் குரல் கேட்டது. நாயனம் பாதியில் நின்றது.

“எல்லாரும் மன்னிக்கோணுமுங்க. இப்ப சாப்பிடறவிய சாப்பிட்டு எந்திரிங்க. அடுத்த பந்தி இங்க நடக்காதுங்க. கை கழுவற கொழாயும் கக்கூஸும் மூடியாச்சு. அந்தத் தண்ணி பூராம் பின்னால குடியிருக்கறவிய குடிதண்ணில கலந்துட்டிருக்குது. குழி வெட்டியாச்சுன்னு சமையல் மாஸ்டர் எங்கிட்டப் பொய் சொன்னாருங்க. வந்து பாக்காம நம்புனது என்ற தப்பு.”

பந்தியில் ஒருவர் பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே இருந்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. கொங்கு நாட்டில் பந்தியை நிறுத்தினார்கள் என்று நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெண்ணின் அப்பா வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடி வந்தார். அந்த நிலையிலும் அவர் வாயில் மரியாதை தப்பவில்லை. “ஏனுங்க அம்மணி, என்ற மானத்த வாங்கிப்போட்டீங்களே” என்று தலையில் அடித்துக்கொண்டார். “அத அப்பறம் பேசிக்கலாமுங்க, மொதல்ல அந்த மோட்டார நிறுத்தச் சொல்லுங்க” என்றார் இவர். மீதிச் சாப்பாட்டை வேனில் ஏற்றி ஊருக்குள் ஒரு சின்ன மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பரிமாறினோம். விருந்துக்கு வந்த ஒரம்பரையில் பாதி அதற்குள் கிளம்பிப் போய்விட்டது. அம்மணி எட்டு வீட்டுக்கும் போய்க் குடம் குடமாகக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் லாரி வரும்வரை அங்கேயே நின்றிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அம்மணியிடமிருந்து போன் வந்தது. “அந்த ஊடுகள்ல ஒரு புள்ளைக்கு வாந்தியும் பேதியுமுங்க. ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க. வாங்கண்ணா, போலாம்.”

எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. அதற்குள் மூன்று கல்யாண வீட்டார் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். “நீங்க மைக்குல சொன்னது பத்தாதுங்களா?” என்று கத்தினேன்.

“அது அவியளுக்குக் கேக்கலீங்கண்ணா” என்றார்.

போனேன். ஆறு வயதுப் பெண்பிள்ளை, கண் உள்ளே போய்க் கிடந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆபத்து நீங்கிவிட்டது, நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸம்மா சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் தரையில் அம்மாக்காரி உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, வழியெல்லாம் தயார் செய்து வந்ததைச் சொன்னேன்.

“தெரியாம நடந்துபோச்சுங்கம்மா. அந்தக் கிணத்துல போர் இருக்கறது எனக்குத் தெரியாதுங்க. ஒருத்தரும் சொல்லலீங்க. சொல்லியிருந்தா சத்தியமா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நான் சொன்னனுங்களே.”

எனக்குப் புரியவில்லை.

“அன்னிக்கு உங்க அண்டாவெல்லாம் வெளக்கறதுக்கு நாந்தானுங்க வந்திருந்தேன். காத்தால பைப்பப் பாத்ததும் உங்ககிட்ட வந்தனுங்க. அது நாங்க குடிக்கற தண்ணிங்க மாஸ்டரேன்னு சொன்னனுங்க. செரி செரி, நான் பாத்துக்கறேன், நீ போய் அண்டாவக் கழுவுன்னீங்க. நீங்க பாத்துக்குவீங்கன்னு நானும் போய்க் கழுவுனனுங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அன்று காலை யார் யாரோ வந்தார்கள், எதையெதையோ கேட்டார்கள். எல்லாருக்கும் செரி செரி என்றுதான் சொன்னேன். அதில் இவள் எங்கே நின்றாள், என்ன சேலை கட்டியிருந்தாள், எதுவும் எனக்கு வரவில்லை. அந்த முகத்தை அந்த ஆஸ்பத்திரியில்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். தன் பிள்ளை குடிக்கிற தண்ணீருக்குள் போகிறது என்று தெரிந்தே, என் ஒரு வார்த்தையை நம்பி, என் பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள்.

பயந்துகொண்டே அம்மணியைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை வருஷமும் என்னைத்தான் அவர் ஆடவைத்திருக்கிறார். அவர் ஆடிப்போய் நான் பார்த்ததில்லை. அன்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நெசமுங்களாண்ணா?”

“எனக்கு நெனவே இல்லீங்க அம்மணி” என்றேன். நெஞ்சுக்குத் தெரிய உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மெதுவாகத் தரையில் அந்தத் தாய்க்கு எதிரே உட்கார்ந்தார். “உங்க பேரு என்னுங்க?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த நாளுக்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு இதுதான்.

“நீங்களும் பேரக் கேட்டுக்குங்க மாஸ்டரண்ணா.”